உடைந்த பல், போன பல்: கேப்பா, பிரிட்ஜா, இம்ப்ளான்டா, கழற்றி மாட்டும் பல்லா?

கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து நிற்கிறது. ஒரு டாக்டர், “ரூட் கேனல் செய்து கேப் போட்டுவிடலாம்” என்கிறார்; அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்துவிட்டு, மேலே பல் வடிவ மூடி போடுவது. இன்னொருவர், “இது நிற்காது, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வையுங்கள்” என்கிறார்; தாடை எலும்புக்குள் உலோகத் திருகு வைத்து அதன் மேல் பல் பொருத்துவது. மூன்றாவது இடத்தில், “பிரிட்ஜ் போட்டால் இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும்”; பக்கத்துப் பற்களைத் தூணாக வைத்து நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவது. யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பலர் மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார்கள். மூன்று பேருமே சரியாகச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள வம்பு. ஒருவர் வேரைப் பார்த்தார், ஒருவர் எலும்பைப் பார்த்தார், ஒருவர் உங்கள் அவசரத்தைப் பார்த்தார்.

நான் பல் டாக்டர் இல்லை. ரூட் கேனல், கேப், பல் பிடுங்கல், இம்ப்ளான்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரிசையாக அனுபவித்தவன். கேப் போட்ட மூன்றாம் வருடம், ஒரு ராத்திரி காய்ந்த ரொட்டியைக் கடித்தபோது வாய்க்குள் கல் மாதிரி ஏதோ உருண்டது. துப்பிப் பார்த்தால் கேப். திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஃபில்லிங் அப்படியே இருந்தது. அதன் அடியில் வேருக்குள் இறக்கியிருந்த சின்னக் கம்பி, கம்பியைச் சுற்றிக் கறுத்துப்போன பல் துணுக்கு, கூடவே ஒரு கெட்ட வாடை. வாயில் ஈறு மட்டத்துக்கு வேர் மட்டும் இருந்தது. அதுவரை வலி துளியும் இல்லை. நரம்பு எடுத்த பல் வலிக்காது. சொத்தை உள்ளே தின்றுகொண்டே போனாலும் குரல் கொடுக்காது.

அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். வாய்க்குள் வைக்கும் எதுவும் என்றைக்காவது ஒருநாள் மாற்ற வேண்டியதாகும். அதனால் “எது நல்ல சிகிச்சை?” என்று மட்டும் கேட்டால் போதாது. “இது தோற்கும் நாளில் என் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?” என்றும் கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில், உடைந்த பல்லில் மிச்சம் என்ன இருக்கிறது. ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு உயரம் நிற்கிறது, வேர் கீறியிருக்கிறதா என்பதுதான் காப்பாற்றுவதா எடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

அடுத்தது பக்கத்துப் பற்கள். அவை சொத்தையோ ஃபில்லிங்கோ இல்லாத முழுப் பற்களா, ஏற்கெனவே பாதி சிமென்ட்டா? பிரிட்ஜுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே முடிவெடுக்க இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

அப்புறம் எலும்பும் ஈறும். பல் எடுத்த இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை, கரையும். முதல் 12 மாதத்தில் அந்த எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறது. “மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவதற்கு இது ஒரு விலை.

உடம்பு: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, புகை பிடிக்கிறீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி மாத்திரை எடுக்கிறீர்களா, தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருக்கிறதா, வளர்ச்சி நின்ற வயதா.

இவற்றோடு காலம், எத்தனை தடவை போய்வர வேண்டும், தினமும் சுத்தம் செய்யக் கை ஒத்துழைக்குமா என்பவையும் சேரும். கடைசியாக, மேலே சொன்ன தோல்விக் கணக்கு. எனக்கு இதன் எடைதான் அதிகம்.

| வழி | பக்கத்துப் பற்களுக்கு | முடிய ஆகும் காலம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | தோற்றால் |
|---|---|---|---|---|
| ரூட் கேனல் + கேப் | தொந்தரவு இல்லை | சில வாரம் | கம்பி, உள்கட்டு (கேப்புக்கு அடியில் பல்லைக் கட்டி உயர்த்துவது), சில சமயம் ஈறு வெட்டு | பல் போகும். மற்ற வழிகள் எல்லாம் திறந்தே இருக்கும் |
| பிரிட்ஜ் | இரு பக்கமும் ராவ வேண்டும் | 2–3 வாரம் | தாங்கும் பல்லுக்குப் பின்னாளில் ரூட் கேனல் | ஒரு பல்லுக்காகப் போட்டது மூன்று பல்லின் பிரச்சினையாகலாம் |
| ஒட்டுப் பிரிட்ஜ் | மிகக் கொஞ்சம் அல்லது இல்லவே இல்லை | 2–3 வாரம் | அவ்வப்போது கழன்றுவருவது | பெரும்பாலும் மறுபடி ஒட்டலாம் |
| இம்ப்ளான்ட் | தொந்தரவு இல்லை | 3 மாதம் முதல் 1 வருடம் | ஸ்கேன், எலும்பு நிரப்பல், பின்னாளில் கேப் மாற்றம் | எலும்பும் கூடப் போகலாம். சரிசெய்வது நீண்ட வேலை |
| கழற்றி மாட்டும் பல் | கொக்கிகள் உரசும் | சில வாரம் | ஈறு மாற மாற உள்பக்கம் நிரப்புவது | வேறொன்று செய்துகொள்ளலாம் |
| அப்படியே விடுவது | சாயலாம், எதிர்ப்பல் இறங்கலாம் | இல்லை | பின்னாளில் இடம் குறுகிப்போவது | பல சமயம் எதுவும் ஆகாது |

## ரூட் கேனலும் கேப்பும்: பல்லைக் காப்பாற்றுவது

சொந்தப் பல்லை வைத்துக்கொள்ள முடியுமென்றால் அதுதான் முதல் வழி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. சொந்த வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது கொஞ்சம் அமுங்கும், சாப்பாட்டில் மணல் இருந்தால் உடனே சொல்லும். எந்தச் செயற்கைப் பல்லிலும் அது வராது.

ஆனால் “காப்பாற்ற முடியும்” என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேப்பின் விளிம்பு சிமென்ட்டையோ கம்பியையோ பிடித்தால் போதாது, நல்ல பல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பல் நிற்க வேண்டும் என்பது கணக்கு. பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையம் மாதிரி. என் பல்லில் அந்த வளையத்துக்குப் பிடிமானமே இருந்திருக்கவில்லை. கம்பி பல்லைப் பலப்படுத்தும் என்று நினைத்திருந்தேன். மேலே வைக்கும் உள்கட்டுக்குப் பிடிப்பு கொடுப்பதுதான் அதன் வேலை. வேருக்குப் பலம் சேர்ப்பதில்லை.

உயரம் போதவில்லை என்றால் ஈறையும் கொஞ்சம் எலும்பையும் வெட்டி உயரம் கூட்டலாம், அல்லது கிளிப் போட்டு வேரை மெதுவாக மேலே இழுக்கலாம். இரண்டும் கூடுதல் செலவு, கூடுதல் மாதங்கள். முதல் நாள் சொல்லும் கணக்கில் இவை பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று: ரூட் கேனல் முடிந்ததும் வலி போய்விடும், கேப்பைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், கேப் போடாமல் விட்ட ரூட் கேனல் பற்கள் கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயிருந்தன. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் இல்லாத ரூட் கேனல் என்பது கூரை போடாத வீடு.

எப்போது விட்டுவிடுவது? வேர் நீளவாக்கில் கீறியிருந்தால். சொத்தை எலும்புக்குள் இறங்கியிருந்தால். ஈறு நோயால் பல் ஆடிக்கொண்டே இருந்தால். இவற்றில் அந்தப் பல்லில் பணம் போடுவது எனக்கு நடந்த கதைதான்.

## பிரிட்ஜ்

நடுவில் ஒரு பல் இல்லை. இரு பக்கத்துப் பற்களையும் கேப்புக்கு ராவுவதுபோல் ராவி, மூன்று பல்லை ஒரே துண்டாகச் செய்து ஒட்டுகிறார்கள். அறுவை இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், போட்ட அன்றே மெல்லலாம்.

விலை எங்கே என்றால், அந்த ராவலில். முழுக் கேப்புக்காக ராவும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. முழுசாக இருக்கும் பல்லை அப்படிச் செய்தால் திரும்பி வராது. சில பற்களுக்குள் நரம்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் சில வருடம் கழித்துச் செத்துப்போகும். அப்போது பிரிட்ஜின் மேலே துளை போட்டு ரூட் கேனல். தொங்கும் பல்லுக்கு அடியில் சாதாரண நூல் போகாது. நுனி விறைப்பான தனி நூலோ குட்டிப் பிரஷ்ஷோ வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குச் சொத்தை விளிம்பில் ஆரம்பிக்கும். மூன்றும் ஒரே துண்டு என்பதால் ஒன்று கெட்டால் மூன்றையும் கழற்ற வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பிரிட்ஜைத் தள்ளிவிடவும் முடியாது. 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரு பக்கம் தாங்கும் பிரிட்ஜும் இம்ப்ளான்ட் மேல் வைத்த ஒற்றைக் கேப்பும் பத்து வருடத்தில் ஏறக்குறைய சமமாகவே நின்றிருந்தன: இரண்டிலும் பத்துக்கு ஒன்பது. பக்கத்துப் பற்கள் இரண்டுக்கும் எப்படியும் கேப் தேவை என்றால் பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். ஒரே வேலையில் மூன்றும் முடிந்தது. அறுவைக்கு உடம்பு ஒத்துவராதவர்களுக்கும் இதுவே. ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பிரிட்ஜைக் கடைவாயில் போடச் சொன்னால் மட்டும் ரெண்டு தடவை யோசியுங்கள். அங்கே விழும் மெல்லும் பளுவுக்கு அது நெம்புகோல் மாதிரி தாங்கும் பல்லையே ஆட்டும்.

## ஒட்டுப் பிரிட்ஜ்: அதிகம் பேசப்படாத ஒன்று

முன்பல்லுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரு மெல்லிய இறக்கையை ஒட்டி, அதிலிருந்து ஒரு பல்லைத் தொங்கவிடுவது. இரு பக்கமும் இறக்கை வைப்பதைவிட ஒரு பக்கம் மட்டும் வைப்பது முன்பல்லில் நன்றாக நிற்கிறது. காரணம் எளிது: இரண்டு பற்கள் தனித்தனியாக அசையும்போது ஏதாவது ஒரு பக்கம் ஒட்டு விடும், அந்த இடுக்கில் யாருக்கும் தெரியாமல் சொத்தை வரும். ஒரே இறக்கை என்றால் விட்டால் முழுதாக விடும், நீங்களும் உடனே டாக்டரிடம் ஓடுவீர்கள்.

கழன்றுவிடும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் கழன்றதை மறுபடி ஒட்டலாம், பல் போகாது. என் அளவுகோலில் இது முதல் வரிசை. குறிப்பாகப் பதினைந்து பதினாறு வயதில் விளையாட்டில் முன்பல்லை இழந்தவர்களுக்கு. அந்த வயதில் இம்ப்ளான்ட் வைத்தால் தாடை வளர்கிறபோது மற்ற பற்கள் நகரும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிப்போனதால் இருந்த இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் ஒரு பல் மட்டும் குட்டையாகத் தெரியும்.

## இம்ப்ளான்ட்

ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானெமார்க், 1950-களில் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிப்போயிருந்தது. 1965-ல் முதல் மனிதத் தாடையில் அதே உலோகத்தில் வேர் வைத்தார். இன்றைய இம்ப்ளான்ட் எல்லாமே அந்தப் பிடிவாதத்தின் பிள்ளைகள்தான்.

இதன் பெரிய பலம், பக்கத்துப் பற்களைத் தொடவே வேண்டாம் என்பது. சொத்தையும் வராது. இந்த இரண்டையும் சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்லாமல் விடுவதைப் பார்ப்போம்.

சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்ப்படும். அது வந்தால் வலிக்காமலே எலும்பைத் தின்னும். ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். பற்களைக் காப்பாற்றாத அதே வாயில் இம்ப்ளான்ட் மட்டும் தப்பிவிடும் என்று நினைப்பது வேடிக்கை. ஈறு சிகிச்சை முதலில், இம்ப்ளான்ட் பிறகு; இந்த வரிசையை மாற்றுகிற இடத்தில் எழுந்து வந்துவிடலாம்.

“வாழ்நாள் முழுக்க” என்ற பேச்சில் இன்னொரு சூட்சுமம் உண்டு. எலும்புக்குள் இருக்கும் திருகு நீண்ட காலம் நிற்கலாம். மேலே இருக்கும் கேப் தேயும், பீங்கான் சிதறும், நடுவில் இருக்கும் குட்டித் திருகு தளரும். வேரைச் சுற்றி நார்த்திசு இல்லாததால் எவ்வளவு வேகமாகக் கடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரிவதில்லை. கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டுவதா, திருகி மாட்டுவதா என்று கேளுங்கள். திருகியது என்றால் பின்னாளில் கழற்றிப் பார்க்கலாம். சிமென்ட் என்றால் ஈறுக்குள் கசிந்து மிஞ்சியது சுத்தமாக எடுக்கப்பட்டதா என்பது முக்கியம். அந்த மிச்சமே ஈறு நோய்க்குக் காரணமாகும்.

எலும்பு போதவில்லை என்றால் நிரப்ப வேண்டும். மேல் கடைவாயில், சைனஸ் எனப்படும் காற்றறையின் தரையைத் தூக்க வேண்டியிருக்கலாம். கீழ்க் கடைவாயில் எலும்புக்குள் ஓடும் நரம்பு இருக்கிறது. அதில் பட்டால் கீழுதடு மரத்துப்போகும். அதனால்தான் முப்பரிமாண ஸ்கேன் கேட்கிறார்கள். அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் மாத்திரையோ டெனோசுமாப் ஊசியோ எடுப்பவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது.

“ஒரே நாளில் பல்” என்ற விளம்பரம் முழுப் பொய்யில்லை. வைத்த அன்றே திருகு கெட்டியாகப் பிடித்தால் தற்காலிகப் பல் மாட்டலாம். ஆனால் ஒற்றைப் பல் என்றால் அது எதிர்ப்பல்லில் படாதபடி குறைத்து வைத்த பல். முகத்துக்கு உதவும், மெல்ல உதவாது.

பக்கத்துப் பற்கள் முழுசாக, எலும்பு போதுமான அளவு, ஈறு சுத்தம், புகை இல்லை, அவசரமும் இல்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் இம்ப்ளான்டுக்கு நிகர் இல்லை. இரண்டு மூன்று இல்லையென்றால் அது வெறும் விலை உயர்ந்த பரிசோதனை.

## கழற்றி மாட்டும் பல்

இதை ஏழைகளின் வழி என்று இளக்காரமாகப் பார்ப்பது தவறு. பல இடங்களில் சிதறிப் பற்கள் போனவர்களுக்கும், எலும்போடு ஈறும் நிறையக் கரைந்து உதடு உள்ளே ஒடுங்கியவர்களுக்கும், இழந்த ஈறையும் சேர்த்துத் திருப்பித் தருவது இதுதான். பல் எடுத்த இடம் ஆறும்வரை இடைக்கால ஏற்பாடாகவும் இருக்கும்.

பகுதிச் செட்டில் மூன்று ரகம். அக்ரிலிக் பிளாஸ்டிக் தடிமனானது, பழுது பார்க்க எளிது. கோபால்ட்-குரோமியம் உலோக வார்ப்பு மெல்லியது. பளுவைப் பற்களின் மேல் தாங்குவதால் ஈறை அழுத்தாது, நீண்ட நாளுக்கு இதுவே நல்லது. வளையும் நைலான் செட் அழகாக இருக்கும், உலோகக் கொக்கி தெரியாது. ஆனால் ஈறு மாறும்போது உள்பக்கம் நிரப்புவது கடினம், பளு முழுக்க ஈறின் மேல்தான்.

புதுச் செருப்பு கடிப்பதுபோல் புதுப் பல்லும் கடிக்கும். முதல் மாதத்தில் மூன்று நான்கு தடவை ராவிச் சரிசெய்யப் போக வேண்டியிருக்கும். அதைத் தோல்வி என்று நினைத்து டப்பாவில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ராத்திரி கழற்றிவைக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் பூஞ்சை பிடித்து அண்ணம் சிவந்துபோகும். சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். ஒட்டும் பசையை அளவோடு வையுங்கள். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவு மீறிப் போட்டவர்களுக்கு உடம்பில் செம்பு குறைந்து நரம்பு பாதித்திருக்கிறது.

எல்லாப் பல்லும் போனவர்களுக்கு மேல் செட் அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட் நாக்கு அசைந்தாலே மிதக்கும். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடைக்கு வெறும் செட் இனி முதல் தேர்வாக இருக்கக்கூடாது, இரண்டு இம்ப்ளான்ட் மேல் மாட்டும் செட்தான் முதல் தேர்வு என்றார்கள். முன்பக்கம் இரண்டு திருகு, அதன் மேல் பட்டன் மாதிரி டப்பென்று உட்காரும் செட். நான்கு, ஆறு இம்ப்ளான்ட் வைத்த நிரந்தர வரிசையைவிடச் செலவும் அறுவையும் குறைவு, கழற்றிக் கழுவுவதும் எளிது. வயதானவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் கழற்ற முடிவதே வசதி. பட்டனுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

## இடைவெளியை அப்படியே விட்டால்?

யாரும் விற்காத வழி என்பதால் யாரும் சொல்வதில்லை. நெதர்லாந்தின் நிமேகன் நகரில் பல் ஆய்வாளர் ஆர்ன்ட் கைசர் 1981-ல் ஒன்றைக் காட்டினார்: கடைவாய்ப் பற்கள் சில இல்லாவிட்டாலும் முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் சேர்ந்து இருபது இருந்தால் பெரும்பாலோர் நன்றாகவே மென்று சமாளிக்கிறார்கள். ஜப்பானில் 1989-ல் தொடங்கிய “80 வயதில் 20 பல்” இயக்கமும் இதே எண்ணைத்தான் இலக்காக வைத்தது. கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் போயிருந்தால், மெல்லத் தடையில்லை என்றால், விட்டுவிடுங்கள். முதல் கடைவாய்ப் பல் வேறு கதை. எதிர்ப்பல் இறங்கும், பின்பல் முன்னால் சாயும். எல்லோருக்கும் அல்ல, ஆனால் சாய்ந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

## யாரிடம் போவது?

ஒற்றைப் பல், தெளிவான எக்ஸ்ரே என்றால் நல்ல பொதுப் பல் டாக்டர் போதும். பல பற்கள் போயிருந்தால், பற்கள் தேய்ந்து கடியே இறங்கியிருந்தால், சிரிக்கும்போது ஈறு தெரியும் முன்வரிசை என்றால் ப்ராஸ்தோடான்டிஸ்ட் எனப்படும் செயற்கைப் பல் நிபுணரைப் பாருங்கள். பல் மருத்துவப் படிப்புக்கு மேல் இதற்கென்றே தனியாகப் படித்தவர். நல்லவர் முதலில் ராவ மாட்டார். அச்செடுத்து, மெழுகில் மாதிரி செய்து, முடிவில் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டுத்தான் கருவியைத் தொடுவார். தேவைப்பட்டால் வேர் சிகிச்சை நிபுணருக்கும் ஈறு நிபுணருக்கும் அனுப்பித் தன் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்வார்.

அவரிடம் நான் கேட்ட கேள்விகள் மூன்று. ஈறுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் பல் இருக்கிறது? இது உங்கள் சொந்தப் பல்லாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இது தோற்றால் அடுத்து என்ன? மூன்றாவதற்குத்தான் நீண்ட பதில் வந்தது. என் பக்கத்துப் பற்கள் இரண்டும் கீறல் படாதவை, அதனால் ராவ மனம் வரவில்லை. இம்ப்ளான்டுக்கே போனேன், பல் எடுத்த நாளிலிருந்து கேப் உட்கார ஏழு மாதம் ஆனது. முடிந்த அன்று, திருகின் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், வரிசை எண் எல்லாம் எழுதிய அட்டை ஒன்றைத் தந்தார்கள். வேறு ஊரில் திருகு தளர்ந்தால் எந்தச் சாவி பொருந்தும் என்று அந்த டாக்டருக்குத் தெரிய அது வேண்டும். பர்ஸில் ஒன்று, போனில் போட்டோவாக ஒன்று வைத்திருக்கிறேன்.